சேமித்த மகரந்தம் முளைக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

செடிகளைக் கலப்பினம் செய்வதற்காக மகரந்தம் எடுத்து உலர்த்தி வைக்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். பொட்டலம் நிறையத் தூள் இருக்கும். முளைக்கிறதா என்று பார்க்கச் சர்க்கரைத் திரவம் உள்ள சோதனைத் தட்டில் போட்டால் ஒன்றுகூட முளைக்காது. எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. பிறகு மற்றவர்கள் கொண்டுவந்த பொட்டலங்களையும் பார்க்க ஆரம்பித்தேன். அப்படி என் மேசைக்கு வந்தவற்றில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிந்தது: உலரும்போது செத்த தூளைவிட, உலர்ந்த தூளுக்கு மறுபடி தண்ணீர் கொடுத்த முதல் நிமிடத்தில் செத்த தூள்தான் அதிகம். அதனால் குப்பையில் கொட்டுவதற்கு முன், கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எது என்று பாருங்கள். பெரணி, பூஞ்சை ஸ்போர்களுக்கும் (விதைக்குப் பதிலாக அவை பரப்பும் நுண்தூள்) கடைசியில் இடம் கொடுத்திருக்கிறேன்.

## எதற்கும் முன் பார்க்க வேண்டிய இரண்டு

இது உலர்வதைத் தாங்கும் தூளா? லில்லி, தக்காளி, ஆப்பிள், பேரீச்சை, பைன் போன்றவற்றின் மகரந்தம் நன்றாக உலர்ந்தாலும் உயிரோடு இருக்கும். சோளம், மக்காச்சோளம், நெல், கோதுமை முதலிய புல் குடும்பத்து மகரந்தமும் பூசணி, வெள்ளரி குடும்பத்து மகரந்தமும் அப்படி அல்ல. உங்களுடையது இந்த இரண்டாம் வகை என்றால் நேராக அறிகுறி 4-க்குப் போங்கள். மற்றவற்றைப் படித்து நேரம் போக்க வேண்டாம்.

சோதனைத் தட்டு சரியாக இருக்கிறதா? சேமித்த தூளை மட்டும் தனியாகச் சோதிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பக்கத்திலேயே இன்னொரு சொட்டில், அன்று காலை திறந்த பூவின் புதிய தூளைப் போடுங்கள். அதே செடி பூக்காத காலமென்றால், நன்றாக முளைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த வேறு எந்தப் பூவின் தூளும் சரி. புதியதும் முளைக்கவில்லை என்றால் குற்றம் தூளில் இல்லை, திரவத்தில் இருக்கிறது.

திரவத்துக்கு நான் பயன்படுத்துவது 1963-இல் புரூபேக்கர், குவாக் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட பழைய கலவைதான். 100 மில்லி காய்ச்சி வடித்த நீருக்கு சர்க்கரை 10 கிராம், போரிக் அமிலம் 10 மில்லிகிராம், கால்சியம் நைட்ரேட் 30 மில்லிகிராம், மெக்னீசியம் சல்பேட் 20 மில்லிகிராம், பொட்டாசியம் நைட்ரேட் 10 மில்லிகிராம். 10 மில்லிகிராமைச் சாதாரணத் தராசில் நிறுக்க முடியாது. அதற்காகக் கண்ணளவில் ஒரு சிட்டிகை போட்டுவிடாதீர்கள். போரிக் அமிலத்தில் உள்ள போரான் கூடிப் போனாலும், முளைக்கும் தூள் விடும் மெல்லிய குழாய் வளராது. 1 கிராம் போரிக் அமிலத்தை 100 மில்லி நீரில் கரைத்து வைத்துக்கொண்டால், அதில் 1 மில்லி எடுத்தால் 10 மில்லிகிராம் ஆகிவிடும். மற்ற உப்புகளையும் இப்படியே தனித்தனிப் புட்டிகளில் கரைத்து வைக்கலாம். சர்க்கரை சேர்த்த கலவையை மட்டும் அன்றன்று செய்யுங்கள். ஒரே நாளில் அதில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

எண்ணும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். குழாயின் நீளம் தூளின் அகலத்தைத் தாண்டினால்தான் 'முளைத்தது'. சிறு மொட்டு போல் துருத்திக்கொண்டு நிற்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்லைடில் நான்கைந்து இடங்களில் பார்த்து, மொத்தம் 200 தூளாவது எண்ணுங்கள்.

## அறிகுறி 1: திரவத்தில் போட்டதும் வெடிக்கிறது, அல்லது உள்ளே இருப்பது கசிகிறது

மைக்ரோஸ்கோப்பில் இது தெளிவாகத் தெரியும். தூளைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு கலங்கல் பரவும். அல்லது ஒரு பக்கம் கிழிந்து உள்ளே இருந்த குழம்பு நூலாக வெளியே வரும்.

### புதிய தூளும் வெடிக்கிறது

சர்க்கரை போதவில்லை. 10 கிராமிலிருந்து 12, 15, 20 என்று ஏற்றிப் பாருங்கள். எந்த அளவில் வெடிப்பது நிற்கிறதோ அதுதான் அந்தச் செடிக்கான அளவு. அப்படியும் நிற்கவில்லை என்றால் போரிக் அமிலமும் கால்சியமும் உண்மையிலேயே கலவையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கால்சியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை இழுத்துக் கூழாகியிருக்கும். அதை நிறுத்தால் பாதி தண்ணீரைத்தான் நிறுக்கிறீர்கள். குழாய் நீரைப் பயன்படுத்தியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

### புதியது நன்றாக இருக்கிறது, சேமித்தது மட்டும் கசிகிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வீணாகும் தூளில் பெரும்பகுதி இங்கேதான் வீணாகிறது.

உலர்ந்த தூளில் உயிரணுவைச் சுற்றிய கொழுப்புச் சவ்வு இறுகிப் போயிருக்கும். அந்த நிலையில் திரவ நீர் பாய்ந்தால், சவ்வு இளகிச் சரியாவதற்குள் உள்ளே இருப்பது வெளியே ஓடிவிடும். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் மோசம். அதே தூளுக்கு முதலில் ஈரக்காற்றை மட்டும் கொடுத்தால் ஆவியாக வரும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு சவ்வு இளகிவிடும். பிறகு திரவத்தில் போட்டாலும் கசிவதில்லை.

செய்முறை எளிது. மூடியுள்ள சிறு டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த வடிதாளை விரியுங்கள். அதன்மேல் தலைகீழாக ஒரு சிறு மூடியை வைத்து, மேடை மாதிரி ஆக்கி, அதில் பட்டர் பேப்பர் துண்டில் தூளை மெல்லியதாகப் பரப்புங்கள். ஈரத்தாள் தூளைத் தொடக்கூடாது, மூடியில் கோக்கும் நீர்த்துளியும் அதன்மேல் விழக்கூடாது. டப்பாவை மூடி 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் அறையில் வையுங்கள். அரை மணி நேரத்தில் கொஞ்சம், ஒரு மணியில் கொஞ்சம், இரண்டு மணியில் கொஞ்சம், நான்கு மணியில் கொஞ்சம் என்று எடுத்துச் சோதியுங்கள். எந்த நேரத்தில் அதிகம் முளைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செடிக்குச் செடி இது மாறும். நிறைய நேரம் விட்டால் நல்லது என்று ராத்திரி முழுக்க வைத்துவிடாதீர்கள். ஈரத்தில் விழித்துக்கொண்ட தூள் தன் இருப்பைச் செலவழிக்கத் தொடங்கிவிடும், காலையில் பலவீனமாகத்தான் இருக்கும்.

சோதனைத் திரவமும் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த புட்டியிலிருந்து நேராகச் சொட்டு விடுவது கூடாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு லில்லிப் பொட்டலத்திடம். ஃப்ரீசரில் எட்டு மாதம் இருந்த தூள். எடுத்து நேராகச் சொட்டில் போட்டேன். கண் முன்னாலேயே எல்லாம் கசிந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. செத்துவிட்டது என்று எழுதி வைத்துவிட்டேன், ஆனால் பொட்டலத்தைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. மறுநாள் ஈரத்தாள் டப்பாவில் ஒரு மணி நேரம் வைத்து மறுபடி போட்டேன். மூன்று மணி நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால், பாதிக்கு மேல் நீளநீளமாகக் குழாய் விட்டிருந்தது. அதற்கு முன் எத்தனை நல்ல தூளை இப்படிக் கொன்று எறிந்திருப்பேன் என்று நினைத்தபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து ஈரக்காற்று கொடுக்காமல் எந்தத் தூளையும் செத்தது என்று நான் எழுதுவதில்லை.

### ஈரக்காற்று கொடுத்தும் கசிகிறது

நேரத்தை மாற்றியும் திரவச் சூட்டை 28 டிகிரி வரை உயர்த்தியும் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சவ்வு ஏற்கெனவே கெட்டிருக்கிறது. அதிகச் சூட்டில் உலர்த்தியது, அரைகுறை ஈரத்தோடு நாள்கணக்கில் வைத்தது, வெறுமனே வயதாகிவிட்டது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அந்தப் பொட்டலத்தை இனி மீட்க முடியாது. அடுத்த முறைக்கான திருத்தம் அறிகுறி 3-இல் இருக்கிறது.

தட்டில் வெடிக்கும் தூளையும் ஒரு பூவில் தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பூவின் சூலகமுடி (மகரந்தம் ஒட்டும் நுனி) ஈரத்தைக் கொடுக்கும் விதம் வேறு. தட்டில் தோற்றது பூவில் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 2: தூள் ஒடுங்கிச் சுருங்கிக் கிடக்கிறது

இது பிழையே இல்லை. உலரும்போது மகரந்தம் தன் மேலுறையில் உள்ள மெல்லிய பள்ளத்தின் வழியாக உள்ளே மடிந்துகொள்கிறது. நீர் வெளியேறும் வாசலை அதுவே அடைத்துக்கொள்கிறது. நல்ல லில்லித் தூள் உலர்ந்தால் நடுவில் கோடு விழுந்த பேரீச்சங்கொட்டை மாதிரி இருக்கும். ஈரத்தாள் டப்பாவில் வைத்துவிட்டுப் பாருங்கள், பள்ளம் விரிந்து உருண்டையாகிவிடும்.

கவலைப்பட வேண்டியது வேறு வகைச் சுருக்கம்: ஈரக்காற்றிலும் திரவத்திலும் போட்ட பிறகும் விரியாமல், உள்ளே ஒன்றும் இல்லாமல் கண்ணாடிபோல் வெளிறி நிற்பவை. அவை பூவிலேயே சரியாக உருவாகாத வெற்றுத் தூள். உலர்த்தியதால் வந்ததல்ல. அதே செடியின் புதிய பூவிலும் அந்த அளவு வெற்றுத் தூள் இருந்தால் செடியைத்தான் பார்க்க வேண்டும். கலப்பினச் செடிகளில் இது சகஜம்.

## அறிகுறி 3: தூள் கட்டி கட்டியாக ஒட்டுகிறது, அல்லது நாற்றமடிக்கிறது

எண்ணெய்ப் பசை. லில்லி போல் பூச்சிகளை நம்பும் பூக்களின் தூளில் இயற்கையாகவே நிறமுள்ள எண்ணெய்ப் பூச்சு உண்டு. விரலில் ஒட்டினால் ஆரஞ்சுக் கறை போகாது. இது உலர்ந்தாலும் ஒட்டத்தான் செய்யும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஈரம் மிச்சம். மகரந்தப்பையோடு சேர்த்துப் பொட்டலம் கட்டினால் அந்தச் சதை தன் ஈரத்தையெல்லாம் தூளுக்குக் கொடுத்துவிடும். மகரந்தப்பைகளைக் காகிதத்தில் பரப்பி நிழலில் வெடிக்க விட்டு, நுண்ணிய வலையில் சலித்து, தூளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், சூடான காற்றையும் காட்டாதீர்கள். அறைச் சூடு, மெல்லிய பரப்பு, காற்றோட்டம் போதும்.

சிலிக்கா ஜெல் தளர்ந்துவிட்டது. ஆரஞ்சு மணிகள் பச்சையாக மாறியிருந்தால் அவற்றால் இனி ஈரம் இழுக்க முடியாது. 110 டிகிரி அளவில் ஓரிரு மணி நேரம் அடுப்பில் காய வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது உடலுக்குக் கெடுதல் என்பதால் நான் விட்டுவிட்டேன். மணி தூளைத் தொடாதபடி தூளைக் காகிதப் பொட்டலத்தில் வைத்து, டப்பாவுக்குள் ஒரு சிறு ஈரப்பதமானியும் போட்டுவிடுங்கள். அந்தச் சின்ன மானி இல்லாமல் உலர்த்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி.

அளவுக்கு மீறி உலர்த்துவது. காய்ச்சிய சிலிக்கா ஜெல்லோடு வாரக்கணக்கில் விட்டால் சில தூள் எல்லை தாண்டி உலர்ந்து கெடுகிறது. மென்மையான வழி வேண்டுமென்றால், மெக்னீசியம் குளோரைடை நீரில் கரையாமல் மிஞ்சும் அளவுக்குப் போட்டு ஒரு கிண்ணத்தில் வைத்துப் பெரிய டப்பாவுக்குள் வையுங்கள். மூடிய டப்பாவின் காற்று தானாக 33 சதவீத ஈரப்பதத்தில் நின்றுகொள்ளும். லித்தியம் குளோரைடு என்றால் 11 சதவீதம். எனக்கு முதலாவதே பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கிறது.

நாற்றமோ நூல்நூலான வளர்ச்சியோ தெரிந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்தப் பொட்டலத்தைத் திறந்த அறையில் உதறாமல் அப்படியே அகற்றுங்கள்.

## அறிகுறி 4: காலையில் நன்றாக இருந்தது, மாலையில் மொத்தமும் செத்துவிட்டது

புல் குடும்பமும் பூசணிக் குடும்பமும் இப்படித்தான். மக்காச்சோளத் தூள் தன் எடையில் பாதிக்கு மேல் நீரோடுதான் வெளியே வருகிறது. அதை இழந்து அதற்குப் பழக்கமில்லை. வறண்ட சூட்டில் ஓரிரு மணி நேரம் தாக்குப் பிடித்தால் அதிகம். கோதுமைத் தூளுக்கு அரை மணி நேரமே பெரிது. நெல்லுக்குச் சில நிமிடங்கள். இவற்றைச் சிலிக்கா ஜெல்லில் போடுவது நேராகக் கொல்வதுதான்.

செய்யக்கூடியது:

- நேரத்தை மாற்றுங்கள். சேமிக்க முயலாமல், பெண் பூ தயாராகும் நேரத்துக்கு ஆண் பூ கிடைக்கும்படி விதைப்பைத் தள்ளி வையுங்கள். செலவில்லாத வழி இதுதான், உறுதியானதும் இதுதான்.
- பூசணிக்கு முதல் நாள் மாலையிலேயே, மறுநாள் திறக்கவிருக்கும் ஆண் மொட்டின் நுனியை நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து உடனே பயன்படுத்துங்கள். நண்பகலுக்குள் அதன் வலு வடிந்துவிடும்.
- மக்காச்சோளத்துக்கு சில மணி நேரம் தள்ளிப்போட வேண்டுமென்றால் உலர்த்தாமல், ஈரக்காற்றோடு குளிர்ச்சியான இடத்தில் மெல்லியதாகப் பரப்பி வையுங்கள். குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும்.

நீண்ட காலம் வேண்டுமா? பாதி அளவுக்கு மட்டும் கவனமாக உலர்த்தி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கும் முறை இருக்கிறது. எந்த ஈரத்தில் நிறுத்துவது என்பதுதான் அதன் சூட்சுமம்; கொஞ்சம் கூடினால் பனிக்கட்டி கிழிக்கும், கொஞ்சம் குறைந்தால் உலர்வதே கொல்லும். வீட்டில் முயல வேண்டாம். ஆய்வகத்தைக் கேட்கும் இடம் இது.

## அறிகுறி 5: சாயம் நன்றாக ஏறுகிறது, ஆனால் முளைக்கவில்லை

அசிட்டோகார்மைன், அயோடின், அலெக்சாண்டர் சாயம் எல்லாம் உள்ளே சரக்கு இருக்கிறதா என்றுதான் காட்டும். உயிர் இருக்கிறதா என்று காட்டாது. நேற்று செத்த தூளும் அழகாகச் சிவக்கும். நம்பவில்லை என்றால் கொஞ்சம் தூளைக் கொதிநீரில் போட்டுக் கொன்றுவிட்டு அதே சாயத்தை ஏற்றிப் பாருங்கள். சாயத்தைப் பார்த்து 'தொண்ணூறு சதவீதம் உயிருள்ளது' என்று எழுதி அனுப்பிய பொட்டலங்களில் ஒன்றுகூட முளைக்காததைப் பார்த்திருக்கிறேன்.

உயிரைச் சோதிக்க வேண்டுமென்றால் எம்டிடி சாயம் கொஞ்சம் நம்பகமானது. மூச்சு விடும் தூள் ஊதாவாக மாறும். கொன்ற தூளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதுவும் நிறம் மாறினால் அந்தச் செடிக்கு அந்தச் சாயம் உதவாது. ஃபுளோரசின் டைஅசிட்டேட் இன்னும் நல்லது. 1970-இல் ஹெஸ்லாப்-ஹாரிசன் என்ற ஆய்வாளர் தம்பதியர் மகரந்தத்துக்குக் கொண்டுவந்த முறை அது. சவ்வு சிதையாத தூள் மட்டும் பச்சையாக ஒளிரும். அதற்கு ஒளிர்வு மைக்ரோஸ்கோப் வேண்டும், அது ஆய்வக வேலை.

உயிர் இருக்கிறது என்று உறுதியான பிறகும் முளைக்கவில்லையா? தூளை மிகவும் அரிதாகத் தூவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அக்கம்பக்கத்தில் தூள் நெருக்கமாக இருந்தால்தான் பல வகை மகரந்தம் முளைக்கும். அந்த நெருக்கம் கொடுப்பது கால்சியத்தைத்தான் என்று காட்டியதே மேலே சொன்ன 1963 ஆய்வு. அதற்காக அப்பிவிடவும் கூடாது. கீழே உள்ளவை காற்றில்லாமல் முடங்கும்.

## அறிகுறி 6: ஃப்ரீசரிலிருந்து முதல் முறை எடுத்தபோது நன்றாக இருந்தது, பிறகு ஒவ்வொரு முறையும் குறைகிறது

முதல் சந்தேகம் திறக்கும் விதத்தின் மேல். குளிர்ந்த குப்பியை வெளியே எடுத்ததும் மூடியைத் திறந்தால் அறைக் காற்றின் ஈரம் தூளின்மேல் பனியாகப் படியும். அதை மூடி மறுபடி உறைய வைத்தால் ஈரத்தூளை உறைய வைத்த கணக்கு. மூடியபடியே அரை மணி நேரம் அறையில் விட்டு, குப்பியின் வெளிப்புறத்தில் வியர்வை காய்ந்த பிறகே திறங்கள்.

அடுத்தது, ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப எடுப்பது. சேமிக்கும் நாளிலேயே ஒரு வேலைக்கு ஒரு பொட்டலம் என்று பிரித்துவிடுங்கள். எடுத்தது மிஞ்சினால் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

மூன்றாவது, பெட்டி. தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் அவ்வப்போது தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். சிறு பொட்டலம் அந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் வாங்கும். குப்பிகளைத் தடித்த தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, கதவிலிருந்து தள்ளி அடியில் வைத்தால் கொஞ்சம் தணியும். பனி நீக்காத வகை ஃப்ரீசர் கிடைத்தால் இன்னும் நல்லது. மைனஸ் 80 பெட்டி பெரிய செலவு; பல ஆண்டுகளுக்கு வைக்க வேண்டிய தூளுக்கு மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

## அறிகுறி 7: தட்டில் முளைக்கிறது, காய் மட்டும் பிடிக்கவில்லை

சூலகமுடி தயாராக இருந்ததா என்று முதலில் பாருங்கள். லில்லியில் பளபளவென்று ஒட்டும் ஈரம் தெரிய வேண்டும். காய்ந்து பழுத்த முடியில் தடவிப் பயனில்லை. பிறகு, செடி தன் தூளையோ நெருங்கிய உறவின் தூளையோ ஏற்காத வகையா என்று பாருங்கள். ஆப்பிள் அப்படிப்பட்டது, ஒரே ரகத்தின் தூளை எவ்வளவு தடவினாலும் பிடிக்காது. வேறு ரகத்தின் புதிய தூளைப் பக்கத்துப் பூவில் தடவி ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இரண்டும் சரி என்றால் வலு போதவில்லை. பழைய தூள் குழாய் விடும், ஆனால் சூல் வரை போய்ச் சேரும் முன் நின்றுவிடும். தட்டில் எத்தனை சதவீதம் என்பதோடு, குழாய் எவ்வளவு நீளம் என்பதையும் அளந்து வைப்பது இதற்குத்தான். பாதி வலு உள்ள தூளை நிறையவே தடவ வேண்டும். அப்போது மாவு கலந்து பெருக்கக்கூடாது. பழத் தோட்டங்களில் மகரந்தத்தைப் பெருக்க லைக்கோபோடியம் என்ற பூக்காத சிறு செடியின் ஸ்போர் தூளைக் கலப்பது உண்டு. அது காற்றில் பறக்கும்போது தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும், ஆகவே கவனம்.

## அறிகுறி 8: பெரணி ஸ்போர் முளைக்கவில்லை

நீங்கள் சேகரித்தது ஸ்போர்தானா? இலையைக் காகிதத்தின்மேல் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் பழுப்புத் தூள் கிடக்கும். அதில் பாதி வெறும் ஸ்போர்ப் பையின் தோல். காகிதத்தைச் சாய்த்து மெல்லத் தட்டுங்கள். தோல் முதலில் உருண்டு ஓடும், மிக நுண்ணிய ஸ்போர் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். தோலை விதைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

பச்சையா, பழுப்பா? ஆஸ்முண்டா, ஓனோக்ளியா என்ற பெரணிகள், அப்புறம் அவற்றின் உறவான ஈக்விசீட்டம் (குதிரைவால் செடி) ஆகியவற்றின் ஸ்போர் பச்சையம் உள்ளது, பச்சையாகவே இருக்கும். லாயிட், கிளெகௌஸ்கி என்ற ஆய்வாளர்கள் 1970-இல் தொகுத்த கணக்கில் பச்சை ஸ்போர்களின் சராசரி ஆயுள் 48 நாள். பச்சையம் இல்லாதவற்றுக்கு 1,000 நாளுக்கு மேல். பச்சை ஸ்போர் என்றால் எடுத்த வாரமே விதையுங்கள். சென்ற ஆண்டுப் பொட்டலத்தோடு போராட வேண்டாம்.

ஈக்விசீட்டம் ஸ்போரை ஒருமுறையாவது மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு மெல்லிய கைகள். மூச்சை மெல்ல ஊதினால் அந்த ஈரத்துக்குக் கைகளைச் சுருட்டிக்கொள்ளும். காய்ந்ததும் வெடுக்கென விரித்துத் துள்ளும். காற்றில் ஈரம் மாறுவது ஒரு ஸ்போருக்கு எவ்வளவு பெரிய சேதி என்று எனக்குப் புரியவைத்தது அந்தக் காட்சிதான்.

மண்ணால் மூடிவிட்டீர்களா? பெரும்பாலான பெரணி ஸ்போருக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தூவி விடுங்கள், மூடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். பழைய ஸ்போருக்கு ஆறு வாரம் வரை கொடுக்கலாம்.

பாசியும் பூஞ்சையும் முந்திக்கொள்கிறதா? விதைக்கும் ஊடகத்தில் கொதிநீர் ஊற்றி ஆற வைத்து, பாத்திரத்தை உடனே மூடுங்கள். ஸ்போரை நீர்த்த பிளீச்சில் சில நிமிடம் அலசி, நல்ல நீரில் பலமுறை கழுவலாம். ஆனால் பச்சை ஸ்போர் இதைத் தாங்காமல் போகலாம் என்பதால் அவற்றுக்கு நான் செய்வதில்லை.

## அறிகுறி 9: குளிரில் வைத்த பூஞ்சை ஸ்போர் விழிக்கவில்லை

கோதுமைத் துருநோய்ப் பூஞ்சையின் ஸ்போர் கடுங்குளிரிலிருந்து வந்ததும் செத்ததுபோல் கிடக்கும். 40 டிகிரி சூட்டில் ஐந்து நிமிடம் காட்டினால் விழித்துக்கொள்ளும். ஆய்வகங்களில் அது வாடிக்கையான வேலை. இதே ஸ்போர் நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று முளைக்கவிடாமல் தடுக்கும், ஆகவே மகரந்தத்துக்கு மாறாக இங்கே அரிதாகத் தூவ வேண்டும். பூச்சிகளைக் கொல்லும் மெட்டாரைசியம் ஸ்போர் உலர்ந்திருந்தால் மகரந்தம் போலவே குளிர்நீரில் கெடும். ஈரக்காற்றோ இதமான சூட்டு நீரோ கொடுங்கள். பயிர்நோய்ப் பூஞ்சைகளைத் தனி ஆளாக வீட்டில் சேமிக்க வேண்டாம்.

## எப்போது ஆய்வகத்திடம் போவது

புதிய தூள் முளைக்கிறது, ஈரக்காற்று நான்கு நேரங்களில் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, சர்க்கரையை மாற்றியாகிவிட்டது, பூவிலும் தடவியாகிவிட்டது, இன்னும் ஒன்றும் இல்லை என்றால் போகலாம். ஒரே செடியின் தூள் இரண்டு பருவம் தொடர்ந்து இப்படி ஆனாலும் போகலாம். புல் குடும்பத் தூளைச் சேமிக்க வேண்டும், பத்தாண்டு வைக்க வேண்டும், அல்லது அழிந்துகொண்டிருக்கும் செடியின் கடைசிப் பூ என்றால் உங்கள் முயற்சிக்குக் காத்திருக்காமல் முதல் நாளே போங்கள். திரவ நைட்ரஜன் உள்ள மரபணு வங்கியோ தாவர உயிரியல் ஆய்வகமோ இதைச் செய்யும். திரவ நைட்ரஜனை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்; மூடிய அறையில் அது மூச்சுக் காற்றை இடம்பெயர்த்துவிடும், அதில் முக்கி எடுத்த குப்பி வெடிக்கவும் செய்யும்.

போகும்போது பொட்டலத்தோடு ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: செடியின் பெயர், பூ திறந்த நாள், தூள் எடுத்த மணி, உலர்த்திய விதம், டப்பாவின் ஈரப்பதமானி காட்டிய எண், வைத்திருந்த சூடு, எத்தனை முறை திறந்தீர்கள், புதிய தூளின் முளைப்புச் சதவீதம், சேமித்ததன் முளைப்புச் சதவீதம். தூளை உலர்ந்தபடியே, சிலிக்கா ஜெல் உள்ள இறுக மூடிய குப்பியில் அனுப்புங்கள். குளிர்ச்சிக்காகப் பனிக்கட்டிப் பையில் நேராகப் போட்டால் உருகும் நீர் எப்படியாவது உள்ளே போய்விடும். குப்பியை இரண்டு உறையில் சுற்றி, பனிக்கட்டிக்கும் அதற்கும் நடுவே ஒரு அட்டையை வையுங்கள். பொட்டலத்தில் பாதியை உங்களிடமே நிறுத்திக்கொள்ளுங்கள், வழியில் ஏதாவது ஆனால் அதுதான் மிஞ்சும்.